தானம் வந்த பெட்டியின் பல்

வலிக்கிற பல்லை நாக்கு சும்மா விடாது. எனக்கும் இணைய வேகச் சோதனைத் தளத்துக்கும் நடுவே ஆறு மாதம் அந்தக் கதைதான் நடந்தது. காலையில் வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒருமுறை, மாலை வகுப்பு முடிந்ததும் ஒருமுறை, தூக்கம் வராத இரவுகளில் கணக்கே இல்லாமல் என்று அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். முள் விறுவிறுவென்று ஏறும். ஏறி, ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். 94. நான் பணம் கட்டிக்கொண்டிருந்ததோ நொடிக்கு 300 மெகாபிட் இணைப்புக்கு.

நான் இணையம் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். மாலை ஆறு மணிக்கு மேல் என் குரல் அறுந்து அறுந்து போகிறது என்று புகார் வரத் தொடங்கியது. "மிஸ், நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள்" என்பான் ஒருவன். வாய் பாதி திறந்தபடி நான் உறைந்திருக்கும் திரையை ஒருத்தி படம் எடுத்து எனக்கே அனுப்பினாள்; அவளை இன்னும் மன்னிக்கவில்லை. அப்போது எங்களிடம் இருந்தது 100 மெகாபிட் திட்டம். வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். மறுமுனையில் இருந்த பெண் பரிவாகத்தான் பேசினார். "உங்கள் பயன்பாட்டுக்கு 100 போதவில்லை மேடம். 300-க்கு மாறிவிடுங்கள். ரவுட்டருக்குத் தனியாக எதுவும் கட்ட வேண்டாம், இருப்பதே போதும்" என்றார். மாறினேன். 24 மாத ஒப்பந்தம். குரல் அறுந்துபோவது மட்டும் நிற்கவில்லை.

செருப்பு வாங்கினால்கூடக் காலில் போட்டு நான்கு அடி நடந்து பார்க்கிறோம். அந்த இணைப்பை முதன்முதலில் வாங்கிய நாளில் நானும் கணவரும் பார்த்தது இரண்டு எண்களைத்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த பதிவிறக்க வேகம் ஒன்று, முதல் ஆறு மாதச் சலுகைக் கட்டணம் இன்னொன்று. பதிவேற்றம் எவ்வளவு என்று கேட்கவில்லை. ஏழாவது மாதத்தில் கட்டணம் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. கூடவே வந்த ரவுட்டரை, வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் இணையத்தைப் பகிர்ந்து தரும் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே. அந்தப் பெட்டி தானமா என்பதை யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அலமாரிக்குள் தேடிய குற்றவாளி

முதல் சந்தேகம் வைஃபை மீது விழுந்தது. விழவேண்டியதுதான். பெட்டி இருந்த இடம் தொலைக்காட்சி அலமாரிக்குள், மரக்கதவுக்குப் பின்னால். கணவர் தேர்ந்தெடுத்த இடம் அது. பெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை, கவிழ்த்துப் போட்ட வண்டுபோல ஆண்டெனாக்களை நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெளியே எடுத்து அலமாரியின் தலைமேல் வைத்தேன். என் மேசையில் 30 இருந்த வேகம் 55 ஆனது. உற்சாகம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பெட்டிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றுதான் தெரியும். சுவரைத் துளைத்துக்கொண்டு தூரம் போகும் என்பது அதன் நல்ல குணம். அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையும் அங்கேயே கூடிக் கத்துகின்றன என்பது கெட்ட குணம். அந்த அலைவரிசைக்குள் நாட்டைப் பொறுத்துப் பதினொன்றோ பதின்மூன்றோ சேனல்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால் சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொன்றும் அடைத்துக்கொள்ளும் அகலமோ 20. ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். ஒன்றோடொன்று மோதாமல் பொதுவாகப் பயன்படுத்த முடிவது 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான். கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தால் சுற்றியுள்ள வீடுகளில் பாதி 6-இல் இருந்தன, நாங்களும் உட்பட. 11-க்கு மாற்றினேன். 70 வந்தது. வைஃபையின் வேலை இவ்வளவுதான், இனி கம்பிதான் என்று முடிவுசெய்து, மடிக்கணினியை ரவுட்டரோடு கம்பியால் இணைத்தேன். அப்போதுதான் முதன்முறையாக அந்த 94-ஐப் பார்த்தேன்.

மாலையில் 94. விடியற்காலையில் 94. ஊரே உறங்கும் இரண்டு மணிக்கும் 94. நிறுவனம் அளவுக்கு மீறி ஆட்களைச் சேர்த்துவிட்டது, நெரிசலில் நம் பங்கு கரைகிறது என்று நம்பி இரண்டு மாதம் புகார்மேல் புகாராகப் பதிந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நெரிசல் என்றால் எண் மாலையில் விழுந்து நள்ளிரவில் எழுந்திருக்க வேண்டும். திருவிழாக் கூட்டம் எப்போதாவது ஒரே அளவில் நின்றிருக்கிறதா? ஆடாமல் அசையாமல் நிற்கிற எண்ணைக் கண்டால் எங்கோ சுவர் இருக்கிறது என்று கணக்கு வாத்தியாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வகுப்பில் இதே கேள்வியை ஒரு பிள்ளை தவறவிட்டிருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

ஒவ்வொரு புகாருக்கும் வந்த பதில் ஒன்றே. ரவுட்டரை அணைத்து, முப்பது நொடி பொறுத்து, மறுபடியும் போடுங்கள். அதை ஏளனம் செய்யமாட்டேன்; பல கோளாறுகள் அதில் உண்மையிலேயே சரியாகின்றன. நினைவகம் நிரம்பித் திணறும் சிறு கணினி அது, புதிதாக எழுந்தால் தெளிந்துவிடும். ஆனால் பன்னிரண்டாவது முறை அணைத்துப் போட்டபோது, வழிபாடு செய்கிறேனா பழுது பார்க்கிறேனா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

"பெட்டி வேறு பிரிவு மேடம்"

கடைசியில் ஆள் அனுப்பினார்கள். வந்தவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர், தோளில் பை, பையில் அடிபட்டுத் தேய்ந்த மடிக்கணினி. எங்கள் வீட்டில் ஃபைபர் இழை வந்து முடிவது சுவரில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியில். ஒளியை மின்குறியாக மாற்றுவது அதன் வேலை. அங்கிருந்து ஒரு கம்பி ரவுட்டருக்குப் போகிறது. அவர் நேராகச் சுவர்ப் பெட்டியிலேயே மடிக்கணினியைச் செருகினார், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தட்டினார், சோதனையை ஓடவிட்டார். முள் ஏறியது. 94-ஐத் தாண்டி, 200-ஐத் தாண்டி, 296-இல் போய் நின்றது.

"பார்த்தீர்களா மேடம், எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்றார்.

"தம்பி, அதே மடிக்கணினியை இப்போது ரவுட்டரில் செருகிப் பாருங்கள்" என்றேன்.

செருகினார். 94. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இணைப்பு விவரம் காட்டும் சாளரத்தைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்தார். மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள கம்பியின் வேகம் 100 மெகாபிட் என்று அதில் இருந்தது. சுவர்ப் பெட்டியில் செருகியிருந்தபோது அதே இடத்தில் 1 கிகாபிட் என்று இருந்ததாம். "இந்த ரவுட்டரில் எல்லாத் துளையும் 100-தான் மேடம். உள்ளே வருகிற துளையும் அப்படித்தான். பழைய திட்டத்துக்குக் கொடுத்த பெட்டி இது."

"அப்படியென்றால் 300-க்கு மாற்றியபோது பெட்டியை ஏன் மாற்றவில்லை?"

"திட்டத்தை மாற்றுவது ஒரு பிரிவு. பெட்டி வேறு பிரிவு மேடம்."

அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த ஒற்றை வரியில் அவர் வேலைபார்க்கிற இடம் முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் போனபின் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஏன் 100 வராமல் 94 வந்தது என்ற பல்வலி மிச்சமிருந்தது. ஈதர்நெட் கம்பியில் தரவு 1500 பைட் கட்டுகளாகப் போகிறது. கட்டுக்குக் கட்டு முன்னறிவிப்பு, தலைப்பு, சரிபார்ப்பு, அடுத்த கட்டுக்கு முன் விடவேண்டிய மூச்சு என்று 38 பைட் கூடுதல். ஆக, கம்பியில் பிடிக்கும் இடம் 1538. அந்த 1500-க்குள்ளும் இணைய முகவரிகளுக்கும் ஒழுங்கு எண்களுக்கும் 40, எங்கள் நிறுவனம் உள்நுழைவுக்குப் பயன்படுத்தும் பிபிபிஓஈ என்ற முறைக்கு 8. மிச்சம் 1452. அதை 1538-ஆல் வகுத்தால் 0.944. நூறு மெகாபிட் துளையில் நமக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் 94.4. ஆறு மாதமாக அந்தப் பெட்டி பொய்யே சொல்லவில்லை. தன்னால் முடிந்ததில் கடைசிச் சொட்டு வரை கொடுத்துக்கொண்டிருந்தது. நான்தான் அதனிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் கண்டவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பின் எனக்குள் ஒன்று திரும்பிவிட்டது. அதுவரை இணைப்பு என்றால் நிறுவனம், நிறுவனம் என்றால் விளம்பர எண் என்றே நினைத்திருந்தேன். என் வீட்டில் இரவும் பகலும் விளக்கு மினுக்கிக்கொண்டு, வீட்டின் ஒவ்வொரு பேச்சையும் ஒவ்வொரு படத்தையும் தன் வழியாக அனுப்பிக்கொண்டிருந்த பொருளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அது யாருடையது என்பதும் தெரியாது.

வீட்டுக்குள் இருக்கும் அடுத்தவர் வாசல்

புதுப் பெட்டி தருவதாகச் சொன்னார்கள், ஒப்பந்தத்தை இன்னொரு 24 மாதத்துக்கு முதலிலிருந்து தொடங்கினால். வேண்டாம் என்றேன், சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன், உள்நுழையும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொடுங்கள் என்றேன். பாதுகாப்புக் காரணங்களால் தர இயலாது என்றார்கள். என் இணைப்பின் சாவியை என்னிடம் தருவதில் யாருக்கு என்ன ஆபத்து என்று கேட்டேன். அதற்கு மறுபடியும் அணைத்துப் போடச் சொல்லவில்லை என்பதுதான் ஆறுதல்.

இதற்குள் அந்தப் பழைய பெட்டியின் அமைப்புப் பக்கத்தை நன்றாகவே கிளறியிருந்தேன். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்த பெயர் 'பயனர்'. அந்தப் பெயரில் நுழைந்தால் பாதிப் பட்டியல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. வைஃபை பெயரை மாற்றலாம். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் எது என்பதை மாற்ற முடியாது. எனக்கு மேலே இன்னொரு கணக்கு இருக்கிறது, அது எனக்கில்லை. ஒருநாள் இரவு பெட்டி தானாக அணைந்து எழுந்தது. காலையில் பார்த்தால் நான் வைத்த சேனல் 11 போய், பழைய 6 திரும்பியிருந்தது. என் வீட்டு அலமாரியில் யாரோ வந்து பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

யாரோ இல்லை, அதற்கு ஒரு பெயர் உண்டு. டிஆர்-069 என்பது 2004-இல் வெளியான ஒரு நெறிமுறை. நிறுவனத்தின் மையக் கணினி, வீடுகளில் இருக்கும் பெட்டிகளோடு தொலைவிலிருந்தே பேசி, அமைப்புகளை மாற்றவும் மென்பொருளைப் புதுப்பிக்கவும் கோளாறு பார்க்கவும் வழிசெய்கிறது. கெட்ட எண்ணத்தில் பிறந்ததில்லை. இளைஞரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "வீட்டுக்கு வீடு ஒருவிதப் பெட்டி இருந்தால் நாங்கள் தொலைபேசியில் எதைப் பார்த்து என்ன சொல்வது மேடம்?" என்று கேட்டார். அதில் நியாயம் இருக்கிறது. ரவுட்டரின் மென்பொருளை வாழ்நாளில் ஒருமுறைகூடப் புதுப்பிக்காத வீடுகளே அதிகம் என்று நினைக்கிறேன். என் அம்மா வீட்டில் அந்த வேலையை நிறுவனமே பார்த்துக்கொள்வதுதான் நல்லது. ஆனால் எல்லாப் பெட்டியும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருப்பதன் விலை என்ன என்பதற்கு 2016 நவம்பரில் ஜெர்மனியில் நடந்ததே சாட்சி. இந்தத் தொலைநிர்வாகத்துக்காகத் திறந்துவைத்த 7547 என்ற வாயிலை மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனது. டாய்ச்ச டெலிகோம் வாடிக்கையாளர்களில் சுமார் ஒன்பது லட்சம் பேரின் ரவுட்டர்கள் முடங்கின. அவற்றைத் தொற்ற முடியாமல் தோற்ற தாக்குதல் அது. தட்டிய தட்டலிலேயே பெட்டிகள் விழுந்துவிட்டன.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல்தான் ஜெர்மனியில் எந்த ரவுட்டரை மாட்டுவது என்பது வாடிக்கையாளரின் விருப்பம் என்று சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. இணைப்புக்கு வேண்டிய உள்நுழைவு விவரங்களை நிறுவனம் கேளாமலே தந்தாக வேண்டும். இந்தச் சண்டை ரவுட்டரோடு தொடங்கியதும் இல்லை; அமெரிக்காவில் தொலைபேசிக் காலத்திலேயே இருந்தது. பேச்சு பக்கத்திலிருப்பவர் காதில் விழாமல் இருக்கத் தொலைபேசியின் பேசுமுனையில் மாட்டும் ஒரு சாதாரணக் குவளை. அதை மாட்டினால் தங்கள் அமைப்புக்குத் தீங்கு என்று ஏடி அண்ட் டி நிறுவனம் வாதாடி, 1956-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. 1968-இல் கார்ட்டர்ஃபோன் என்ற கருவி தொடர்பான தீர்ப்பில், வலையமைப்புக்குக் கேடு செய்யாத எந்தக் கருவியையும் வாடிக்கையாளர் இணைத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் சொல்லிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு அங்கே, வாடிக்கையாளர் தன் சொந்த ரவுட்டரை வைத்திருந்தாலும் நிறுவனத்தின் ரவுட்டருக்கு வாடகை வாங்கும் பழக்கம் இருந்தது. அதைத் தடுக்கத் தனியாக ஒரு சட்டம் போட்டு, 2020 டிசம்பரில்தான் அது நடைமுறைக்கு வந்தது. தொழுவத்தில் இல்லாத மாட்டுக்குத் தீவனச் செலவு.

என் கதைக்கு வருகிறேன். எழுத்தில் புகார் கொடுத்த பதினோராவது நாள், ஒரு விளக்கமும் இல்லாமல் குறுஞ்செய்தியில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வந்தன. அந்தப் பதினொரு நாளும் பொறுமையின்றிப் புது ரவுட்டரைப் பழையதன் பின்னால் மாட்டி வைத்திருந்தேன். அப்படி மாட்டினால், வீட்டுக் கருவிகளின் உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றும் வேலையை இரண்டு பெட்டியும் தனித்தனியே செய்யும். இணைய விளையாட்டு அதில் தடுமாற, மகன் அலறினான். எனக்கோ 94 அப்படியே இருந்தது. சுவரை இடிக்காமல் இந்தப் பக்கம் எவ்வளவு அழகாகக் கதவு வைத்தால் என்ன.

பழையதைக் கழற்றி, புதியதில் அந்தப் பெயரைத் தட்டினேன். 291 வந்தது. வீட்டில் யாரும் கைதட்டவில்லை.

அப்படியும் குரல் அறுந்தது

அடுத்த நாள் மாலை வகுப்பு. ஆறே கால் மணி. "மிஸ், மறுபடியும் நின்றுவிட்டீர்கள்."

அழுகை வந்தது என்று எழுதினால் மிகை. வகுப்பை முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பிறகு, வேகத்தை அளப்பதை விட்டுவிட்டு, தாமதத்தை அளந்து பார்த்தேன். ஒரு சிறு கட்டு போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி ஆகிறது என்பது. வீடு சும்மா இருக்கும்போது 8. மகன் பள்ளியிலிருந்து வந்து, கைப்பேசி வைஃபையில் ஒட்டிக்கொண்டு, அன்றைய காணொளிகளைச் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்கியதும் 900. கிட்டத்தட்ட ஒரு நொடி. அவன் வீடு வந்து சேரும் நேரம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கும் பெயர் இருந்தது. பஃபர்புளோட். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-இல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைப் பிடித்து, பெயரும் வைத்தார். குறுகலான வழி ஒன்றின் முன்னால் ரவுட்டர் ஒரு காத்திருப்பு வரிசை வைத்திருக்கும். நினைவகம் மலிந்துவிட்ட காலத்தில் அந்த வரிசையை அளவில்லாமல் நீளவிட்டார்கள். எதையும் இழக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். மகனின் காணொளிக் கட்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து வரிசையை அடைத்துக்கொள்ள, என் குரலைச் சுமந்த குட்டிக் கட்டு கடைசியில் நின்று தன் முறைக்காகக் காத்திருக்கும். கல்யாணப் பந்தியில் பேருந்து நிறைய ஆட்கள் வந்து இறங்கிய பிறகு, ஒரு வாய் தண்ணீர் கேட்டு வரிசையில் நிற்பவனின் கதி. கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்ற இருவர் 2012-இல் இதற்கு ஒரு தீர்வு எழுதினார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, ஒரு கட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார், காத்திருப்பு நீண்டால் சிலவற்றைக் கைவிடு, அனுப்புகிறவன் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வான். அதன் வழிவந்த முறைகள் இன்று பல ரவுட்டர்களில் இருக்கின்றன. எனக்குத் தானமாக வந்ததில் இல்லை.

அப்போதுதான் ஒப்பந்தத்தை எடுத்துப் பதிவேற்ற வேகத்தைத் தேடினேன். 100 திட்டத்தில் 20. 300 திட்டத்திலும் 20. என் முகமும் குரலும் வெளியே போகிற வழி அந்த இருபதுதான். கூடுதலாக நான் கட்டிய பணம் அதில் ஒரு முழத்தைக்கூட அகலப்படுத்தவில்லை. அன்று தொலைபேசியில் பேசிய பெண் பொய் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருந்த திரையிலும் பெரிய எழுத்தில் அந்த ஓர் எண்தான் இருந்திருக்கும்.

புது ரவுட்டரில் வரிசை ஒழுங்கைத் திறந்து, பதிவேற்றத்துக்கு 18 என்று வரம்பு வைத்தேன். உள்ளதைவிடச் சற்றுக் குறைத்து வைத்தால்தான் வரிசை நம் பெட்டியில், நம் கட்டுப்பாட்டில் நிற்கும். இல்லாவிட்டால் வேறெங்கோ போய் நீளும். மகன் காணொளி ஏற்றும்போதும் தாமதம் 20-ஐ ஒட்டியே நின்றது. பிள்ளைகள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் வேண்டியிருந்தது.

இதெல்லாம் நடந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. யாராவது என்னிடம் எந்த நிறுவனம் நல்லது என்று கேட்டால் நிறுவனத்தின் பெயரை நான் சொல்வதில்லை. கேட்டவருக்கு அலுப்பூட்டும் அளவுக்குத் திருப்பிக் கேள்வி கேட்கிறேன். வீட்டுக்கு வருவது ஃபைபரா, தாமிரமா? தாமிரம் என்றால் தெருப்பெட்டியிலிருந்து எவ்வளவு தூரம்? தூரம் கூடக்கூட வேகம் தேய்ந்துவிடும், விளம்பரம் அதைச் சொல்லாது. ஃபைபர் என்றாலும் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஓர் இழையின் 2.5 கிகாபிட்டை 32 வீடுகளோ 64 வீடுகளோ பகிர்ந்துகொள்கின்றன என்பது தெரிந்திருந்தால் நல்லது. அதற்காகப் பயப்படத் தேவையில்லை, எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தைக் கேட்பதில்லை. பதிவேற்றம் எவ்வளவு? தரும் பெட்டியின் துளை 100-ஆ, கிகாபிட்டா? 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை உண்டா? சொந்த ரவுட்டர் வைத்தால் உள்நுழைவு விவரம் தருவார்களா? அல்லது அவர்கள் பெட்டியை, இணைப்பை அப்படியே உங்கள் ரவுட்டருக்குக் கடத்தும் வெறும் பாலமாக மாற்றித் தருவார்களா? இணையத்தில் உங்கள் வீட்டுக்கென்று தனி முகவரி உண்டா, இல்லை 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கும் பகிர்வு முகவரியா? பின்னது என்றால் வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாக எட்ட முடியாது. எனக்குப் பின்னதுதான், அதோடு சண்டைபோடத் தெம்பில்லை. இத்தனையும் கேட்டுவிட்டு வேகத்தைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலான குடும்பங்களுக்கு 100 தாராளம் என்பது என் கருத்து. மிகத் தெளிவான 4கே படம் ஒன்றுக்கே 25 மெகாபிட் போதும். 300, 500, 1000 என்று ஏறுகிற எண்களுக்குக் கட்டுவதைவிட ஒரு நல்ல பெட்டிக்கு ஒருமுறை கொடுப்பது மேல். என் கணவர் இதை ஒத்துக்கொள்வதில்லை. அவருக்கு இன்னும் பெரிய எண்தான் பிடிக்கும்.

பழைய பெட்டி பரண்மேல் இருக்கிறது. தூக்கிப் போட முடியாது; அது நிறுவனத்தின் சொத்து, இணைப்பைத் துண்டிக்கும் நாளில் மின்னிணைப்பானோடு சேர்த்துத் திருப்பித் தரவேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள். போன மாதம் இணைப்பு திணறியது. அழைத்தால், "எங்கள் ரவுட்டரை மாட்டிவிட்டுப் பேசுங்கள் மேடம், இப்போது எங்களுக்கு எதுவும் தெரியவில்லை" என்றார்கள். ஏணி போட்டு இறக்கி, தூசி துடைத்து மாட்டினேன். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எழுந்தன. "ஆ, தெரிகிறது மேடம்" என்றது மறுமுனை, தொலைந்த பிள்ளையைக் கண்ட குரலில். கோளாறு அவர்கள் பக்கம் இருந்தது, மதியத்துக்குள் சரியானது. பெட்டி மறுபடி பரணுக்கு ஏறியது.

24 மாதம் முடிந்த அன்றே 100 திட்டத்துக்குத் திரும்பிவிட்டேன். அந்தத் திட்டத்துக்குப் பரண்மேல் இருக்கும் பெட்டியின் துளை மிகச் சரியான அளவு என்பது எனக்குத் தெரியும், மாட்டத்தான் மாட்டேன். புது ரவுட்டரில் பதிவிறக்கத்துக்கும் ஒரு வரம்பு வைக்கவேண்டும், உள்ளதில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைத்து. எண்ணைக் கேட்டுக் கட்டம் காலியாக இருந்தது. சிறிது நேரம் யோசித்துவிட்டு 94 என்று தட்டினேன்.